முப்பத்தெட்டு மீட்டர்

பதினோராயிரத்து நானூறு. என் மனைவியின் அண்ணனுக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய கூலி வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தேன். கூலி மீட்டர் கணக்கு. எத்தனை மீட்டர் என்று ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துச் சொல்பவரே என் மச்சான்தான். வரைபடத்தில் உள்ள கோடுகளை அளந்து கூட்ட, அவரே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று கணினியில் இருக்கிறது.

அது எனக்கு முப்பத்தெட்டு மீட்டர் போட்டது. நான் தோண்டியது நான்கு தெரு. முதுகு இன்னும் நிமிரவில்லை.

"முதல் தெருவுல பாதிகூட ஆகாதே மச்சான்!"

"தெரியுது மாப்ள. ஸ்கிரிப்ட்ல ஏதோ கோளாறு. சாயங்காலத்துக்குள்ள பில்லு போகலைன்னா அடுத்த மாசம்தான்."

"அப்ப உங்களுக்கும் அடுத்த மாசம்தான்."

அவர் முறைத்தார். "பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

மறுபடி ஓட்டினார். முப்பத்தெட்டு. சாஃப்ட்வேரை மூடித் திறந்தார். முப்பத்தெட்டு. கணினியையே அணைத்துப் போட்டார். அது எழுந்து வருவதற்குள் நான் இன்னும் ஒரு முழம் தோண்டியிருப்பேன். முப்பத்தெட்டேதான். ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தார், ஒரு வரியை அழித்தார், அதையே திரும்ப எழுதினார்.

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்? வயிறு எரியுது."

"நீ தோண்டின இடத்தைக் காட்டு, அதையும் பாத்துடுவோம்."

காட்டினேன். படத்தைப் பெரிதாக்கினார். நீலக் கோடுகளுக்கு நடுவே ஒரே ஒரு துண்டு மஞ்சளாக இருந்தது. மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு கோட்டை செலக்ட் பண்ணி வச்சா, இந்த சனியன் அதை மட்டும்தான் அளக்கும். மத்ததைத் திரும்பியே பாக்காது. செலக்ட் பண்ணினதோட சேவ் வேற பண்ணியிருக்கு. எந்த மடையன் பார்த்த வேலை இது?"

"இந்த நாற்காலியில உங்களைத் தவிர வேற யாரு மச்சான் உக்காருறா?"

மச்சான் படத்தில் கோடில்லாத இடத்தில் ஒரு க்ளிக் செய்தார். மஞ்சள் மறைந்தது. மறுபடி ஓட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா மத்தியானச் சோறு போச்சு?"

பில் போனது. மறுநாள் காலையில் ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுத்தார். அலுவலகப் படிக்கட்டிலேயே மச்சானிடம் பதினோராயிரத்து நானூற்றையும் எண்ணிக் கொடுத்தேன். அவர் இன்னொரு முறை எண்ணினார்.

"சரியா இருக்கு."

"கையால எண்ணினதாச்சே மச்சான்."

பணத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, என்னைத் திட்டியபடியே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.