ஏழாம் அறையின் வெப்பநிலை

கிடங்கின் ஏழாம் அறையில் மீன் பெட்டிகள் கூரையை முட்டும்படி அடுக்கியிருந்தன. ஏணியிலிருந்து இறங்கிய சின்னவள், தான் மாட்டிய புதிய புளூடூத் கருவியை அண்ணாந்து பார்த்தாள். பச்சை விளக்கு கண்சிமிட்டியது.

அக்காவும் தங்கையுமாக நடத்தும் சின்ன நிறுவனம் அது. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிப்பது தொழில். பெரியவள் ஊரின் மறுகோடியில் அலுவலகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்; சின்னவள் ஏணியும் பையுமாக அலைவாள். இதுவரை அறைக்கு ஒரு லோரா கருவி வைத்திருந்தார்கள். அது நெடுந்தூர ரேடியோ. தடித்த சுவரையும் கடந்து, ஊரையும் கடந்து, அலுவலகக் கூரையிலிருக்கும் ஆன்டெனாவோடு நேராகப் பேசும். ஆனால் மகா கஞ்சப் பேச்சு. பத்து நிமிடத்துக்கு ஒரு எண். வெப்பநிலை திடுக்கென்று மாறினால் இடையில் இன்னொன்று. புளூடூத்தோ நொடிக்கு நொடி கொட்டித் தீர்க்கும். அதன் குரல்தான், அதைக் கேட்டு இணையத்தில் அனுப்பும் நடைபாதைப் பெட்டியைத் தாண்டாது.

இதில்தான் காலையில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"தூரத்துல இருந்தாலும் ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லுது. அதைக் கழட்டிப் போட்டுட்டு, பக்கத்துல நின்னு தொணதொணக்கிறதை வைக்கப் போறியா?" என்றாள் பெரியவள்.

"அந்த ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள மீன் உருகி ஆறா ஓடிடும்க்கா."

"அது இரும்புத் தகடு அடிச்ச சுவர்டீ. கதவைச் சாத்தினா உன் புளூடூத் வாயை மூடிக்கும்."

"மூடாது. பாரு."

"என்னமோ பண்ணு. நீ கழட்டக் கழட்ட இங்க அலாரம் அடிச்சு உயிரை வாங்கும். நான் சத்தத்தை நிறுத்தி வைக்கிறேன்."

அந்த வீம்பில்தான் சின்னவள் இப்போது கதவைச் சாத்திப் பார்க்க நினைத்தாள். கைபேசியில் நடைபாதைப் பெட்டியின் சிக்னல் நான்கு கோடு காட்டியது. கதவை உள்ளிருந்து இழுத்தாள். கனத்த கதவு 'தொப்'பென்று பொருந்திக்கொண்டது. நான்கு கோடு இரண்டாகி, இரண்டும் போயிற்று. வைஃபை இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை.

'அக்கா வாயில சர்க்கரைதான் போடணும்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, உள்ளிருந்து திறக்கும் குமிழைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். குமிழைச் சுற்றிப் பனி கல்லாக இறுகியிருந்தது. திருப்புளியால் குத்தினாள், பனி தெறித்தது, குமிழ் அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த அபாய மணியின் பொத்தானை அழுத்தினாள். வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கதவைத் தட்டினாள், கத்தினாள். மின்விசிறிகளின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே எட்டவில்லை. அப்போது விளக்கு அணைந்தது. சாப்பாட்டுக்குக் கிளம்பிய யாரோ, சாத்திய கதவைப் பார்த்து, வெளியிலிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். இனி சாயங்கால லாரி வந்தால்தான் இந்தப் பக்கம் ஆள் வரும். அதுவரை இந்தக் குளிரில் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். திருகாணி கழற்ற வேண்டும் என்று கையுறைகளை வெளியே தள்ளுவண்டியில் வைத்திருந்தாள். கழற்றிய லோரா கருவிகளும் அதே வண்டியில்தான் கிடந்தன.

ஆனால் இந்த அறைக் கருவியை அவள் இன்னும் கழற்றவில்லை.

கைபேசி வெளிச்சத்தில் தடவி, கதவோரச் சுவரில் அதைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து ஒரு கம்பி, நுனியில் விரல் கனத்தில் வெப்பமானி. அதைக் கிளிப்பிலிருந்து பிடுங்கி, குளிர் ஜாக்கெட்டைத் திறந்து அக்குளில் செருகிக்கொண்டாள். பனிக்கட்டியை வைத்தது போல உடம்பு தூக்கிப்போட்டது. குளிர் அறையில் சூடு ஏறினால் அக்கா பார்க்காமலா போவாள்?

அந்த நிம்மதி உடனே போய்விட்டது. வண்டியில் கிடக்கும் கருவிகளும் அக்காவின் திரையில் சூட்டைத்தானே காட்டிக்கொண்டிருக்கும்? இதையும் கழற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். அதுவும் அவள் திரையைப் பார்த்தால்தான்.

கைபேசி குளிர் தாங்காமல் அணைந்தது. இருட்டில் நின்று யோசித்தாள். சூடு மட்டும் போதாது. சூடாக வேண்டும், மறுபடி குளிர வேண்டும், மறுபடி சூடாக வேண்டும்.

வெப்பமானியை எடுத்து இரும்புக் கதவில் அழுத்தினாள். விரல்களும் கூடவே ஒட்டிக்கொண்டன. பிடுங்கியபோது தோல் எரிந்தது. மனதுக்குள் மெதுவாக எண்ணிவிட்டு மறுபடி அக்குளுக்குள். மறுபடி கதவில். எண் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல அந்தக் கருவியில் ஒரு வழியும் கிடையாது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, விரல்கள் வெப்பமானியை உணரவே இல்லை. கம்பியைப் பல்லில் கடித்து இழுத்தாள். நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. உட்காரலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று கதவில் சாய்ந்தே நின்றாள்.

சாய்ந்திருந்த கதவு வெளிப்பக்கம் போயிற்று. அவளும் கூடவே விழுந்தாள், கிடங்கு மேற்பார்வையாளரின் மேலேயே. அவர் வாயில் இன்னும் சோறு இருந்தது.

பெரியவள் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தபோது, சின்னவளைப் போர்வைகளில் சுற்றி வெளியே வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

"உங்க அக்கா போன்ல என்னை விடவே இல்லைம்மா," என்றார் மேற்பார்வையாளர். "கழட்டிட்டு இருக்காங்க, அப்படித்தான் காட்டும்னேன். 'வெளிய கிடந்தா குளிராது, உள்ள கிடந்தா சூடாகாது. ரெண்டும் மாறி மாறி வருதுன்னா என் தங்கச்சி கையில இருக்கு. சோத்தை வச்சுட்டு ஓடு'ன்னாங்க."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். "உடனே பாத்துட்டியா?"

பெரியவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "கோவத்துல திரையைப் பாக்கவே இல்ல. நீ எத்தனை ரூம்ல கழட்டியிருக்கேன்னு பாத்து, உனக்குப் போன் போட்டுத் திட்டலாம்னுதான் திறந்தேன். ஏழாம் நம்பர் ஏறுது, இறங்குது, ஏறுது. உன் போன் கிடைக்கல." மேற்பார்வையாளரின் பக்கம் திரும்பினாள். "எல்லா ரூம்லயும் அந்தக் குமிழையும் மணியையும் மாத்துங்க. அதுவரைக்கும் எங்க ஆள் ஒருத்தர்கூட உள்ள கால் வைக்க மாட்டாங்க."

"லோராவைத் திரும்ப மாட்டிடலாம்க்கா," என்றாள் சின்னவள். நாக்கு குழறியது. "புளூடூத்தும் இருக்கட்டும். கதவு திறந்து சரக்கு இறக்கும்போது அதுதான் சட்டுனு சொல்லும்."

"இப்ப இது ரொம்ப முக்கியமா? வாயைத் திற."

யாரோ கொண்டுவந்த வெந்நீர்க் குவளையைப் பெரியவள் அவள் உதட்டில் வைத்தாள்.

"சூடு தெரியுதா?"

"லேசா."

"இன்னும் ரெண்டு வாய் குடி."