டேக் நார்மன் இன்

அப்பாவின் புதுச் சிநேகிதி பெரிலை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அம்மா இறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் தட்டில் கிரேவி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா பாதியிலேயே தட்டைத் தள்ளிவிட்டார். சமையல் லட்சணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பார்ன்ஸ்லி சந்தையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள் அவள். என் அப்பா நார்மன் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், சொந்த வீட்டுக்காரர். அவள் எதற்கு ஒட்டிக்கொண்டாள் என்று எனக்கா தெரியாது?

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா வீட்டுச் சமையலறையில் அவள் டைரியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். தப்புதான், ஆனாலும் புரட்டினேன். மார்ச் பக்கத்தில் ‘டேக் நார்மன் இன்’ என்று எழுதியிருந்தது. மே மாதத்தில் இன்னொரு தடவை. ஜூலையில் மறுபடியும். எங்கள் இங்கிலீஷ் பேச்சில் ஒருவரை ‘டேக் இன்’ செய்வதென்றால் அவர் தலையில் மிளகாய் அரைப்பது. நடுவில் ‘லெட் ஷீலா டவுன்’ வேறு. ஷீலா அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி. அவளையும் நம்பவைத்துக் கைவிட்டாளாக்கும். ஏமாற்றுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கும் நெஞ்சழுத்தத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே சந்தைக்குப் போனேன். தையல் மெஷின் மேல் டைரியை விரித்துப் போட்டு, எங்கப்பாவை எதில் ஏமாற்றுகிறாய் என்று கேட்டேன். பெரில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். சிரித்துவிட்டாள்.

“ஷீலாவுக்குப் பாவாடை, கண்ணு. கீழ் மடிப்பைப் பிரிச்சு நீளமா விட்டேன். நாங்க துணி பேரெல்லாம் எழுதறதில்ல, ஆள் பேரு மட்டுந்தான். உங்கப்பாவுக்குப் பேன்ட் இடுப்பு. பிடிச்சுத் தச்சுக் குடுத்தேன்.”

தையலில் மடிப்பைப் பிரித்து இறக்குவது ‘லெட் டவுன்’, இடுப்பைப் பிடிப்பதற்கும் ‘டேக் இன்’தான். பேன்ட் என்று ஒரு சொல் பக்கத்தில் எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன். மானம் போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், டைரியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

“மூணு தடவையா?”

“மொத்தம் நாலு அங்குலம்.” அவள் சிரிப்பு நின்றிருந்தது. “ஸ்கேன் எடுத்தது, டாக்டர் சொன்னது எல்லாம் உன்கிட்ட சொல்லிட்டதா சொன்னாரே.”

அவர் எதையும் சொல்லவில்லை. வாராவாரம் அவரைப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட பேன்ட் தொளதொளவென்று இருந்ததில்லை. அதனால் அவர் இளைத்தது என் கண்ணில் படவே இல்லை. இவள்மேல் சந்தேகப்பட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரையும் ‘டேக் இன்’ செய்தது அப்பாதான்.

பெரில் மெஷினுக்குக் கீழேயிருந்து ஒரு சாம்பல் நிறப் பேன்ட்டை எடுத்தாள். இடுப்பில் குண்டூசிகள் குத்தியிருந்தன.

“இதையும் பிடிக்கச் சொல்லியிருக்காரு,” என்றாள். “ஞாயித்துக்கிழமை நீ வர்றதுக்குள்ள வேணுமாம்.”