கடையில் தொங்கிய முகம்

தம்பின் நகரின் காலைச் சந்தையில் புனிதனிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்க்கிறவர்களையும், விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கடைப் பக்கம் இரண்டடி நடந்து காட்டுகிற கில்லாடிகளையும் அவன் பார்வையாலேயே எடை போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்டவன் இப்போது தன் மகளிடமிருந்து ஒரு வார்த்தை பெற முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். பதினைந்து வயது லோஷினி பேரத்துக்கே வரவில்லை. கடையையே இழுத்து மூடிவிட்டாள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை.

செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்த தர்ஷிகா சிரம்பானிலிருந்து வருகிற சின்னப் பெண். கல்லூரியை முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. இந்த முறை பிள்ளைகளை அவரவர் முகத்தையே கியூபிச பாணியில் வரையச் சொல்லியிருந்தாள்.

"அது என்னாம்மா கியூபிசம்?" என்று புனிதன் கேட்டதற்கு, லோஷினி அக்ரிலிக் சாயம் காய்ந்துபோன விரல்களைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒரே முகத்த பல பக்கத்துலேர்ந்து பாத்து, எல்லாத்தையும் ஒரே படத்துல போடறதுப்பா."

"ஏன், ஒரு பக்கம் பத்தாதாமா?"

"ஒங்க தக்காளிய ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு யாராச்சும் வாங்குவாங்களா?"

புனிதன் விழுந்து விழுந்து சிரித்தான். வியாபாரி மகள் என்று பெருமை வேறு. சிரித்தானே ஒழிய விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் கடைக்குப் புதுக் கூடாரம் போட்டிருந்தான். பக்கத்தில் பூ விற்கும் செல்லம் அக்கா சும்மா இருக்கவில்லை. "புதுக் கூடாரம் லா தம்பி, பாசாருக்கு வர்ற சனங்க கண்ணு மொத்தமும் ஒன் மேலதான். நல்லா முழிச்சிப் பாக்கற மாதிரி ஒரு திருஷ்டிப் படம் மாட்டு" என்றாள். புனிதனும் வாரம் முழுக்க வீட்டில் அதையே பாடினான். "திருஷ்டிப் படம் வேணும், திருஷ்டிப் படம் வேணும்." மனைவி விமலாவுக்கு ஃபேக்டரி ஷிப்டு. யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிறு காலையில் கடைக்குக் கிளம்பும்போது பார்த்தால், சுவரோரமாக அது சாய்ந்திருந்தது. பாதி முகம் நீலம், பாதி முகம் பச்சை. நீலப் பக்கத்தில் ஒரு பெரிய கண் முறைத்தது. பச்சைப் பக்கத்துக் கண் இன்னும் கீழே, கோடு மாதிரி. வாய் கோணலாகத் திறந்திருந்தது. ஓர் ஓரத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சள் வட்டம், மேலே மிளகாய் மாதிரி சிவப்பாக ஏதோ தொங்கியது. குறுக்கே வெட்டினாற்போல் ஒரு சாம்பல் பட்டை.

புனிதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்டது கேட்டபடி மகள் வரைந்து வைத்திருக்கிறாள்! தூங்கட்டும் என்று அவளை எழுப்பாமல் படத்தை எடுத்துக்கொண்டு போனான். மேல் மூலை இரண்டிலும் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து, கூடாரத்து முகப்பில் மாட்டினான். அடியில் அசல் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டான்.

"அம்மாடி, பேயே பயந்துடும்" என்று செல்லம் அக்கா சான்றிதழ் கொடுத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் புனிதன் சொன்னான். "நம்ம மவ வரைஞ்சது. எந்தக் கண்ணும் கிட்ட வராது."

ஒன்பது மணிக்கு லோஷினி அம்மாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். பள்ளித் தோழிகள் இரண்டு பேர் அங்கேயே நின்று கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "அது நான்ப்பா."

புனிதன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அந்த இரண்டாவது பார்வையைத்தான் அவள் மன்னிக்கவில்லை. திரும்பி அம்மாவின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை படத்தைத் துடைத்து எடுத்துவந்து நீட்டினான். "ஒங்க கடைக்குத்தானே. வச்சிக்குங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

வழக்கமாக விடியலில் அவனோடு வேனில் வருவாள். வழியெல்லாம் தூங்குவாள். சந்தையில் கீரைக்கட்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே பள்ளிக்கு நடந்துவிடுவாள். வாய் பிளந்து அவள் தூங்குவதைப் புனிதன் ஒருமுறை படம் எடுத்து, 'மகாராணி ஓய்வெடுக்கிறார்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டிருந்தான். இப்போது மகாராணி அம்மாவின் மோட்டாரில் பள்ளிக்குப் போனாள். வேனில் அவள் இருக்கையில் படம்தான் சவாரி செய்தது. வீட்டில் வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை, கடையில் மாட்ட மனசு இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு வளைவில் படம் சரிந்து விழப் பார்த்தது. ஓரமாக நிறுத்தி, இருக்கைப் பட்டையை இழுத்து அதற்கும் மாட்டிவிட்டான். மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். சாம்பல் நிற இருக்கைப் பட்டை படத்தின் குறுக்கே ஓடியது. பக்கத்தில், அதே சாய்வில், அதே சாம்பலில் இன்னொரு பட்டை சாயத்தில் ஓடியது.

புனிதன் நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தான். மாரியம்மன் கோயிலில் கட்டிக்கொண்டு வந்த சிவப்புக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. மிளகாய் இல்லை அது. சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு மஞ்சளாக எரிந்தது. எலுமிச்சம்பழமும் இல்லை.

கைப்பேசியைத் தேடி எடுத்து, அந்த மகாராணிப் படத்தைத் தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்தான். மூடிய கண். திறந்த வாய். ஓட்டுகிறவன் இருக்கையிலிருந்து மட்டும் தெரிகிற பக்கம். இதைத்தான் பச்சையில் போட்டிருக்கிறாள்.

"அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டான். தினமும் பார்க்கிற முகம். அதைப் போய் ஊர்க்கண்ணை விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்.

சனிக்கிழமை கடையைச் செல்லம் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் படத்தோடு மண்டபத்துக்குப் போனான். பிள்ளைகள் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்துவிடாமல் இருக்க ஒருத்தன் தட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். லோஷினி நிமிரவில்லை.

"வாங்க அங்கிள். பிள்ளைங்க படங்களைக் கண்காட்சிக்கு அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி நாள். இவ படம் தர மாட்டேன் என்று நிக்கிறா" என்றாள் தர்ஷிகா.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இது ஏன் ரெண்டு பக்கமா இருக்கு?"

"ஒரு பக்கம் கண்ணாடியில நீங்க பார்க்கிற முகம். மற்றப் பக்கம், உங்களைத் தினமும் பார்க்கிற ஒருத்தருக்குத் தெரிகிற முகம். அப்படித்தான் வரையச் சொன்னேன். யாருடைய கண் என்று பிள்ளைங்கதான் தேர்ந்தெடுக்கணும்."

புனிதன் பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து நடந்தான். மகள் பக்கத்தில் போய்ப் படத்தை மேசைமேல் வைத்தான்.

"வாய் இன்னும் கொஞ்சம் தொறந்திருக்கும்லா."

தூரிகை நின்றது.

"எச்சிலு ஒழுகும். அதயும் காணோம்."

"போதும்ப்பா."

"கொறச்சிக் காட்டியிருக்க. வியாபாரத்துல இது ஏமாத்து வேல."

"அப்பா!" என்றாள். சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதை மறைக்கப் பார்த்துக் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் ஊதா ஒட்டிக்கொண்டது. "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"நேத்துதான். பெல்ட் போட்டுவிட்டேன் பாரு, அப்ப." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மன்னிச்சிரு ஆயி. பாக்கறத பாக்காம இருந்துட்டேன்."

தர்ஷிகா மூலையில் இருந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள். "பின்னாலேர்ந்து துணி ஒட்டி, மேல சாயம் பூசினா தெரியாது லோஷினி."

லோஷினி அப்பாவைப் பார்த்தாள். "இருக்கட்டும் டீச்சர். அதுவும் ஒரு பக்கம்தானே."

படத்துக்குப் பதிலாகக் கடை முகப்பில் மாட்டச் சொல்லி, செல்லம் அக்கா கோர முகம் வரைந்த ஒரு பூசணிக்காயை வாங்கிக் கொடுத்திருந்தாள். மறுநாள் விடியலில் அதை ஏற்றிக்கொண்டு புனிதன் வேனைக் கிளப்பும் நேரத்தில் இடப்பக்கக் கதவு திறந்தது. லோஷினி ஏறிப் பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஸ்கூல் இல்லயே?"

"கீர அடுக்க ஆளு வேணாமா? போட்டோ மட்டும் எடுத்துப் பாருங்க, அப்பறம் இருக்கு."

தோட்டத்து வளைவு தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போய் வாய் திறந்துகொண்டது. புனிதன் கைப்பேசியைத் தொடவில்லை. அவசரத்தில் எப்போதும் வேனை ஏற்றி இறக்குகிற பெரிய பள்ளத்தை, அன்று மட்டும் சுற்றிக்கொண்டு போனான்.