துண்டு மூடிய மானிட்டர்

பிரசவ அறையின் மூத்த நர்ஸுக்கு அந்தப் புது மானிட்டரைக் கண்டாலே ஆகாது. மாஸ்க் வழியாகக் குழந்தைக்குள் எவ்வளவு காற்று போகிறதென்று அது கோடு போட்டுக் காட்டுமாம். "இருபத்தாறு வருஷமா என் கைக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது?" என்று திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள்.

அன்று காலை பிறந்த குழந்தை அழவில்லை. அவள் அதன் முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப்பையை அழுத்தினாள். குழந்தையின் ஈரத்துணியை மாற்ற, டாக்டர் அவசரத்தில் அந்தத் துண்டையே உருவினார். திரையில் கோடு எழும்பாமல் தரையோடு தரையாகக் கிடந்தது.

"சிஸ்டர், காத்து உள்ள போகல. ஓரமா கசியுது."

அவளுக்குச் சுருக்கென்றது. மாஸ்க்கைப் பிடித்திருந்த கட்டைவிரலை ஒரு நூலளவு நகர்த்திப் பையை அழுத்தினாள். கோடு மேடாக எழுந்தது. பிஞ்சு நெஞ்சும் கூடவே எழுந்தது. அழுத்தினால் மேடு, விட்டால் பள்ளம்.

ஏழாவது முறை விட்ட பிறகு, அரிசியளவு மேடு ஒன்று தானாக முளைத்தது. அவள் கை அசையவே இல்லை.

"டாக்டர், இது நான் குடுத்த மூச்சு இல்ல," என்றாள்.

அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. இத்தனை வருஷமும் அந்த அழுகைக்கே காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள், அதற்கும் முன்னால் வரும் ஒற்றை மூச்சை அன்றுதான் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.