லட்சுமணன் வைத்த நோன்பு

நஸ்ருன்னிசாவுக்கு இப்போதெல்லாம் கிழமை சரியாகத் தெரிவதில்லை. மாடி போர்ஷனில் இருக்கும் பேங்க் தம்பதி காலையில் போகிறார்கள், இருட்டினால் வருகிறார்கள். அவர்களுக்குத் திங்களும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். போன வருஷம் மார்ச் வரைக்கும் கதையே வேறு. கச்சேரி ரோட்டை ஒட்டிய அந்தச் சந்து வீட்டில் காலண்டரைக் கிழிக்காமலே விட்டிருந்தார்கள். மாடிப்படியில் விழுகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டே இன்று இன்ன கிழமை என்று அவள் சொல்லிவிடுவாள்.

அப்போது மாடியில் இருந்தவர்கள் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்கு வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி ராஜமுந்திரிக்காரி, சிஸ்டர் பிரசன்னா. இன்னொருத்தி பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இருபத்தோரு வயதுப் பெண், சிஸ்டர் லக்சமானா. நெஞ்சில் குத்தியிருக்கும் கறுப்பு அட்டையில் அவள் பேரைவிட சபையின் பேர் நீளம். காய்க்காரி முத்தம்மா அந்தப் பேரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். "இன்னா பேரும்மா இது, வாயிலயே பூர மாட்டுது. லட்சுமணன்னு கூப்புடுறேன், போ" என்று முடித்துவிட்டாள். அதுவே தெருவுக்கும் நிலைத்துவிட்டது. லக்சமானா என்பது குடும்பப் பேர்தானாம், அவளுடைய சொந்தப் பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஊழியம் முடிகிற வரைக்கும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.

அந்தப் பெண்களுடைய வாரம் அச்சடித்தது மாதிரி இருக்கும். காலை ஆறரைக்கு எழுந்தாக வேண்டும், ராத்திரி பத்தரைக்கு விளக்கணைத்தாக வேண்டும். ஒருத்தியை விட்டு ஒருத்தி எங்கேயும் நகரக் கூடாது. பிரசன்னா கீழே பால் பாக்கெட் எடுக்க வந்தால்கூட லட்சுமணன் படியில் வந்து நிற்பாள். செவ்வாய், வியாழன் அடையாறு. புதன் சாயங்காலம் நந்தனம் பக்கம் இலவச இங்கிலீஷ் வகுப்பு. சனிக்கிழமை சபைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை. ஞாயிறு ஆராதனை, அது முடிந்து ஆதம்பாக்கத்தில் வீடு வீடாக நலம் விசாரிப்பு. தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசக் கூடாது, கேட்டவர்களுக்கு மட்டும்தான் பதில். "கேக்காதவங்க கிட்ட பேசாம இருக்கத்துக்கு இவ்ளோ தூரம் வரணுமா?" என்று ஷரீஃப் கேட்பான். அவன் ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் கடை வைத்திருப்பவன். நஸ்ருன்னிசாவின் புருஷன்.

திங்கட்கிழமைதான் அவர்களுக்கு லீவு. அன்றைக்குப் படிச் சத்தமே மாறிவிடும். வாரம் பூராவும் டக் டக் என்று இறங்குகிற கால்கள் அன்று தடதடவென்று ஓடும். துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு, 12பி பஸ் பிடித்து டி.நகர் போய், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, தலைக்கு ரப்பர் பேண்டும் சோற்றுக்குக் கருவாடும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னால், காலை ஒன்பதரைக்கு, லட்சுமணன் அவள் அம்மாவோடு வீடியோவில் பேசுவாள். வாரத்துக்கு ஒரு தடவைதான்.

அம்மா இருப்பது பிலிப்பைன்ஸில் அல்ல, ஹாங்காங்கில். யாரோ வீட்டில் வேலை. மகளும் அம்மாவும் நேரில் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர்கள் காதில் விழக் கூடாதென்று அந்த அம்மாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பாள். இவள் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பாள். வீடியோ கால் என்று பேர், ஒருத்தி முகம் ஒருத்திக்குப் பாதிதான் தெரியும்.

நஸ்ருன்னிசா அந்த நேரம் பார்த்துத்தான் வற்றலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவாள். அவர்கள் பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கேட்கப் பிடிக்கும், கேட்டால் வயிறும் எரியும். அவளுக்கும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தான். நதீம், ஷார்ஜாவில். கடையைப் பார்க்க மாட்டேன் என்று அப்பனோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். "நீயும் அவர் பேச்சத்தானே பேசுவே" என்று அவளிடமும் சொல்லிப் போனை வைத்தவன்தான். அதோடு சரி. வைத்தவன் எடுக்கட்டும் என்று இவளும் இருந்துவிட்டாள். பிடிவாதத்தில் பிள்ளைக்கு அம்மா சளைத்தவள் இல்லை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே இதையெல்லாம் லட்சுமணனிடம் கொட்டிவிட்டாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு, தன் புத்தகத் தமிழில் "மிகவும் வருந்துகிறேன் அம்மா" என்றது. துக்கத்திலும் நஸ்ருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இவ்வளவு ஒட்டுதலாக இருந்தவர்களுக்கு நடுவில் விரிசல் விழுந்தது டீயால். எப்போது டீ கொடுத்தாலும் "நாங்கள் தேநீர் அருந்துவதில்லை" என்று இரண்டும் கையைக் கூப்பும். சபைக் கட்டுப்பாடாம். டீ குடிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உலகத்தில் இருக்குமா என்று நஸ்ருன்னிசாவுக்குச் சந்தேகம். மெட்ராஸில் டீ குடிக்காமல் ஒருத்தர் எப்படி உயிரோடு இருக்க முடியும்? ஒருவேளை நம் வீட்டு டம்ளர் ஆகவில்லையோ என்று ஓரமாக ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து, புது டிபன் பாக்ஸில் போட்டு மேலே கொடுத்தாள். லட்சுமணன் வாங்கிக்கொண்டது, சிரித்தது, நன்றி சொன்னது. சாயங்காலம் நாலு மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பாக்ஸ் மேடைமேல் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கிளிப்பைக்கூடத் திறக்கவில்லை. மறுநாள் பளபளவென்று கழுவி, உள்ளே நாலு வாழைப்பழம் வைத்துத் திரும்பி வந்தது. கொட்டிவிட்டுக் கழுவியிருக்கிறார்கள் என்று நஸ்ருன்னிசா முடிவு கட்டினாள். டீயும் சேர்ந்துகொண்டது. சரிதான், துலுக்க வீட்டுச் சோறு இதுங்களுக்கு இறங்கவில்லை.

மைலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். வீடு கேட்டுப் போன இடத்தில் பேரைக் கேட்டதும் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டதெல்லாம் பார்த்தவள். அந்த வலி தெரிந்ததால்தான் யார் என்ன என்று கேட்காமல் இவர்களுக்கு மாடியைக் கொடுத்தாள். அங்கேயும் அதேதானா என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சொந்தக்காரங்க வராங்கம்மா, மார்ச் மொத வாரத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டாள். லட்சுமணன் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் தலையாட்டியது.

போன வருஷம் ரமலானின் முதல் நோன்பே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மார்ச் இரண்டு. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நஸ்ருன்னிசா பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆதம்பாக்கத்திலிருந்து திரும்பிய இரண்டு பேரும் படியேறினார்கள். நாலாவது படியில் லட்சுமணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கோபம் கோபம்தான், ஆனால் ஒரு பிள்ளை மயங்கி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண் சொம்பைப் பார்த்தது, தலையை ஆட்டியது.

"வேண்டாம் அம்மா."

நஸ்ருன்னிசாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. "இன்னாம்மா இது! எங்க வூட்டுச் சோறுதான் ஆவாது, தண்ணியுமா ஆவாது?"

லட்சுமணன் ஒன்றும் புரியாமல் விழித்தது. பிரசன்னாதான் அவசரமாகச் சொன்னாள். "அய்யோ, இல்லம்மா, உபவாசம். எங்க சபையில மாசா மாசம் மொத ஞாயிறு எல்லாரும் இருப்போம். சனிக்கிழம சாயங்காலத்துல இருந்து தண்ணி கூட கிடையாது. இவளுக்கு வெயில் ஒத்துக்கல."

"நோன்பா?" என்றாள் நஸ்ருன்னிசா. "நீங்களுமா?"

மாசா மாசம் முதல் ஞாயிறு. அவள் மனசு விறுவிறுவென்று பின்னால் போய் நின்ற இடம், அந்த பிப்ரவரி ஞாயிறு. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு இடியாப்பம் குடுத்தேனே. அது இன்னா ஆச்சு?"

"நாங்கள் ஆறரை மணிக்குச் சாப்பிட்டோம்" என்றது லட்சுமணன். "உங்கள் இடியாப்பத்தில்தான் உபவாசத்தை முடித்தோம். தேங்காய்ப்பால் கொஞ்சம் புளித்துவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்டோம்."

"ராவெல்லாம் எனக்கு வயித்தால போச்சும்மா" என்றாள் பிரசன்னா. "உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நஸ்ருன்னிசாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புளித்துப்போன பாலைக்கூடக் கொட்ட மனசு வராமல் தின்றிருக்கிறதுகள். அதுகளைத்தான் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் காது சுட்டது. பேச்சை மாற்றப்போய்க் கேட்டாள்.

"நோன்புன்னா ஒரு நிய்யத்து வெச்சிதானே இருப்போம். நீ இன்னா வேண்டிக்கினு இருந்தே? உங்கம்மாவுக்கா?"

லட்சுமணன் கொஞ்சம் தயங்கியது. சொல்லலாமா என்பது மாதிரி பிரசன்னாவைப் பார்த்தது.

"நதீம் உங்களோடு பேச வேண்டும் என்று" என்றது. "டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, இன்றைக்கு. நான்கு முறை. இன்னும் பேசவில்லையா அம்மா?"

அந்த முகத்தைப் பார்க்க நஸ்ருன்னிசாவுக்குத் தைரியம் வரவில்லை. பெற்ற தாயை ஐந்து வருஷம் பார்க்காத பெண், மாசத்துக்கு ஒரு நாள் வயிற்றைக் காயப்போட்டுக் கேட்டது, கடைசியில் இவள் பிள்ளைக்காக. அதுவும் இடியாப்பத்தைத் தொடவில்லை என்று இவள் கறுவிக்கொண்டிருந்த அந்த நாளிலேயே. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது நாலு பேரும் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஷரீஃப் தூக்கில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியை லட்சுமணன் மூன்று கிண்ணம் குடித்தது. வழக்கம்போல ஷரீஃப் டீயை ஊற்றப் போனான். "அதுங்களுக்கு டீ ஆவாது. பால் குடு" என்று நஸ்ருன்னிசா அதட்டினாள்.

காலி பண்ண வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஆனால் அடையாறில் வேறு வீடு பார்த்துப் பேசி முடித்தாகிவிட்டது. சபை எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போவதுதான் அவர்கள் வழக்கம். செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். ஒரு வார்த்தை கேட்காமல் போனதற்கு, கையில் மிஞ்சியது ஒரே ஒரு நோன்பு திறப்பு.

மறுநாள் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவளும் மாடிக்குப் போனாள். வற்றல் எதுவும் கையில் இல்லை. லட்சுமணன் அம்மாவோடு கிசுகிசுத்து முடிக்கிற வரைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றாள். பிறகு தன் போனை எடுத்து நதீம் நம்பரைத் தானே அழுத்தினாள். எட்டு மாசத்துக்குப் பிறகு. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா?"

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, நோன்பா கீறியா? சுகர் மாத்திரைய விடியறதுக்கு முன்ன சஹர்லயே போட்டுக்கினியா?" என்றான் நதீம்.

எதிரே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லட்சுமணன் எல்லாம் புரிந்தவள் மாதிரி வாயெல்லாம் பல்லாக நின்றது. நோன்பு பலித்ததா, நஸ்ருன்னிசாவின் வெட்கம் பலித்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டியும் ஒரு பக்கெட்டும் ஆட்டோவில் ஏறின. ஆகஸ்டில் ஊழியம் முடிந்து லட்சுமணன் ஊர் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தன் பேர் மரிசெல், இனி அப்படியே கூப்பிடலாம், அம்மா ஹாங்காங்கில் இன்னும் இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அதே புத்தகத் தமிழில். நஸ்ருன்னிசா அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். மாடிப்படியில் சத்தமே இல்லாத திங்கட்கிழமைகளில் போட்டுக் கேட்பாள்.

இந்த வருஷ ரமலானிலும் மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பாங்கு சொல்வதற்கு முன்னால் அவள் வழக்கத்தைவிட நீளமாகக் கையேந்தி உட்கார்ந்திருந்தாள். பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்ததும் போன் அடித்தது. நதீம்தான். ரமலானில் தினமும் கூப்பிடுவான்.

"தொறந்துட்டியாம்மா? எனக்கு இன்னா துஆ கேட்டே இன்னிக்கு?"

"உனுக்கு மீதி நாளெல்லாம் கீதுடா" என்றாள். "இன்னிக்கு மொத ஞாயித்துக்கெழம. இது லட்சுமணனுக்கு. அவளும் அவங்கம்மாவும் ஒரே வூட்ல ஒக்காந்து சோறு துண்ணணும்."



"அப்போ நானும் அதையே கேக்குறேம்மா" என்றான் நதீம். "இங்க நோன்பு தொறக்க இன்னும் ஒன்ற மணி நேரம் கீது."