எல்லாக் கண்ணும் வலது கண்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் தங்கை புருஷன் சொன்னது. அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் என் வழக்கம். ஆனால் கூடவே போன தங்கையும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னாள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததே கிடையாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் படிப்பு எட்டோடு சரி. படித்தவர்கள் எப்படித் தொடங்குவார்கள் என்று யோசித்து, இப்படித் தொடங்கினேன்:

மனிதக் கண்ணின் ஒளியியலும் படமெடுப்பும் குறித்த அறிவியல் மாநாடு, உலகெங்குமிருந்து வந்த அறிஞர் பெருமக்கள் சூழ, அந்த மாபெரும் அரங்கில் இனிதே

வேண்டாம். இது அவர்களுடைய அழைப்பிதழ் பாஷை. அவர்கள் பாஷையில் எழுதினால் என்னை அறியாமல் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன். இன்னொன்று எழுதினேன்:

மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

இது இருக்கட்டும்.

2

(மாப்பிள்ளை என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவன். தங்கையைக் கட்டியவன் என்பதால் எனக்கு என்றைக்கும் மாப்பிள்ளை.)

அவன் வெல்டர். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பார்வை மட்டு. வலது கண் ஒன்றை வைத்துத்தான் இத்தனை காலம் இரும்பை ஒட்டினான், குடும்பத்தையும் ஒட்டவைத்தான். கொஞ்ச நாளாகக் கண் கூசுகிறது, சீக்கிரம் களைத்துப்போகிறது. வயதா வியாதியா தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரைப் பார்க்க வருஷக் கடைசிக்குத் தேதி கொடுத்தார்கள். "அதுக்கு நடுவுல ஆராய்ச்சிக்குக் கண்ணைப் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். படம் எடுத்தால் யாராவது பார்க்காமலா போவார்கள் என்று சரி சொன்னான்.

முதலில் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண் பாப்பா விரிந்து, எதிரே இருப்பது கதவா சுவரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவனிடம் அதற்குப் பிறகு ஒரு தாளைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

* அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இரண்டு கண்ணையும் படம் எடுத்தார்கள். முடிவு என்ன என்று கேட்டதற்கு, ஆராய்ச்சிப் படத்துக்கு முடிவு சொல்வதில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அது எழுதியிருக்கிறது என்றார்கள். ஆனால் மாநாட்டுக்கு வரச்சொல்லி இரண்டு நுழைவு அட்டை கொடுத்தார்கள்.

3

அரங்கத்தில் விளக்கை அணைத்ததும், சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணின் உள்பக்கம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில், கிளை கிளையாக நரம்பு ஓடிக்கொண்டு. கீழே எழுதியிருந்ததை மேடையிலிருந்த பேராசிரியர் வாசித்தார்: வெல்டர், வயது அறுபத்தாறு, வலது கண். அந்த ஆராய்ச்சியில் இருந்த ஒரே வெல்டர் மாப்பிள்ளைதான். பேரை எடுத்துவிட்டார்கள், தொழிலை விட்டுவைத்திருந்தார்கள்.

"எவ்வளவு அழகான படம் பாருங்க! இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல," என்றார் பேராசிரியர். கைதட்டல் எழுந்தது.

"ஏங்க, உங்க கண்ணுக்குத்தான் கை தட்டறாங்க," என்று தங்கை இடித்தாள். கல்யாணப் படத்தில்கூட அவனை யாரும் அழகு என்று சொன்னதில்லை. அவனும் தட்டினான்.

பேராசிரியர் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியை ஓடவிட்டார். "இங்க நீர் கோத்திருக்கு. இந்தக் கட்டத்துல ஊசி போடலைன்னா சில வாரத்துல நடுப்பார்வை போயிடும். அடுத்த படம்."

அடுத்த படம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் கை தட்டினபடியே நின்றுவிட்டது. சிங்கம்போல் சீறி எழுந்த மாப்பிள்ளை

(இந்த இடத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. டீக்கடையில் சர்க்கரை குறைவு என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் அவன். கேட்டுவிட்டேன்: "நெஜமாவே நீயா எழுந்த, மாப்ள?"

"எங்க மச்சான்... உங்க தங்கச்சி கிள்ளினா."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "கிள்ளல. தள்ளினேன். அண்ணே, எழுதறதை ஒழுங்கா எழுது.")

தள்ளிவிடப்பட்ட மாப்பிள்ளை எழுந்து நின்றான். "ஐயா, அந்தக் கண்ணு என்னுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள் போல.

"அது வலதுதானுங்களா? எனக்கு இருக்கிறதே அந்த ஒண்ணுதான்."

"வலதுன்னுதான் போட்டிருக்கு. ஆனா நிச்சயமா சொல்ல முடியாதுங்க," என்றார் பேராசிரியர். கெட்ட மனுஷர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட வசதியா இருக்கணும்னு, இடது கண்ணு படத்தையெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி புரட்டி வலது கண்ணா ஆக்கிடுவோம். எதைப் புரட்டினோம்னு இதுல குறிப்பு கிடையாது."

"அப்ப இது இடதாவும் இருக்கலாமா?"

"இருக்கலாம். ஐயா, இது இப்ப உங்க கண்ணு இல்ல, தரவு. பேரெல்லாம் நீக்கியாச்சு."

"பேரை நீக்கினா நோவும் நீங்கிடுமா?" இது தங்கை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், கடைசி வரிசை வரை கேட்டதாம். அதை நான் நம்புகிறேன்.

"கேள்விகளைக் கடைசியில வச்சுக்கலாம்," என்றார் பேராசிரியர்.

இடது என்றால் பெரிய நஷ்டமில்லை. வலது என்றால் சில வாரத்தில் இருட்டு. கண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு அரங்கமே அந்தப் படத்தைப் பார்த்தது. அவன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குக் கோபமாகக் கதை எழுத வராது என்பார்கள். வருகிறதா என்று பாருங்கள்.

4

வெளியே நீளக் கூடத்தில் கம்பெனிக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். எல்லாம் கண்ணைப் படம் எடுக்கும் கருவிகள். மாப்பிள்ளையைப் படம் எடுத்த அதே மாதிரிக் கருவியும் ஒன்று. அவன் நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, தாங்கியில் தாடையை வைத்தான்.

"எடுங்க தம்பி. வலதை மட்டும் எடுங்க."

டை கட்டிய விற்பனைக்காரப் பையன் பதறிவிட்டான். "சார், இது காட்சிக்கு வச்சிருக்கிறது. மனுஷங்களுக்கு எடுக்கக் கூடாது."

"பின்ன யாருக்கு எடுக்கிறீங்க?"

பையன் கையை விரித்தான். உள்ளங்கையில் ஒரு கண். பிளாஸ்டிக்.

மாப்பிள்ளை அசையவில்லை. அதற்குள் பின்னால் வரிசை கூடிவிட்டது, எல்லார் கழுத்திலும் டாக்டர் என்று போட்ட அட்டை. பையன் அவர்களைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "யாராவது ஒரு டாக்டர் பொறுப்பேத்துக்கிட்டா எடுத்திடறேன் சார். ரெண்டு நிமிஷ வேலைதான்."

வரிசையில் ஒருவருக்குப் போன் வந்தது. இன்னொருவர் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

5

முடிவு.

தங்கை எழுதச் சொன்ன முடிவு: ஒரு டாக்டரம்மா முன்னால் வந்து "நான் பார்க்கறேன்" என்கிறாள். படம் எடுக்கிறார்கள். வலது கண்ணில் ஒன்றுமில்லை, நீர் கோத்தது இடது கண்ணில்தான்! தங்கை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். (நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.)

மாப்பிள்ளை எழுதச் சொன்ன முடிவு: பையன் கையிலிருந்த பிளாஸ்டிக் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போய் மேடையில் வைக்கிறான். "இதுக்குக் கை தட்டுங்கடா!" (மாப்ள, உன்னை எனக்குத் தெரியும்.)

என் முடிவு: காவல்காரர்கள் இருவர் வந்து மரியாதையாக

இல்லை. அதை நான் எழுத மாட்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால், கதை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். வருஷக் கடைசிக்குத்தான் தேதி இருக்கிறதே, காத்திருந்தால் என்ன என்று இப்போதே உங்களில் ஒருவருக்குத் தோன்றியிருக்கும். அவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் என்று போட்டிருக்கிறது. வரிசையில் நீங்கள்தான் முதல் ஆள். உங்களுக்கு முன்னால் ஒரு முதுகு, நன்றாகத் தேய்த்த சட்டை. தாடையைத் தாங்கியிலிருந்து எடுக்காமல், திரும்பக்கூட முடியாமல், அவன் கேட்கிறான்:

"பின்னாடி யாராவது இருக்கீங்களா?"