ஷஹினாஸ் தூங்கிப் பார்த்து வாங்கிய ஆம்ப்

அந்தக் கடைக்குள் காலை வைத்ததுமே ஷஹினாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு, நர்ஸ் செருப்பைக்கூட மாற்றாமல் நேராக, வாத்தியக் கடைகள் நிறைந்த முகம்மது அலி தெருவுக்கு வந்திருந்தாள். வாங்க வேண்டியது, வீட்டில் சத்தமில்லாமல் கிட்டாரைச் செருகிப் பழக ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, ஆம்ப். அவள் புருஷன் ஹம்தியோ கடையிலேயே பெரிதாக இருந்ததைத் தேடிப் பிடித்து, கிட்டாரைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாசித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து" என்றாள். "இதை எங்க வைக்கப் போற? வீட்டுலயா, கால்பந்து மைதானத்துலயா?"

"சத்தத்தைப் பார்க்காத ஷஹினாஸ், குரலைக் கேளு. பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது. சூடு ஏறினா தேனா இறங்கும்."

"தேனை நக்கிட்டு ராத்திரி நான் ஊசி போடப் போகவா?"

கடைக்காரர் நஸீம் சமாதானமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதான் மேடம். ஆனா ஒண்ணு. இது சத்தத்தைக் கூட்டினாத்தான் வாயைத் திறக்கும். குறைச்சா கம்மிப் போயிடும்."

"அப்ப எங்க வீட்டுக்கு வேணாம். வாயைத் திறக்க அங்க நான் இருக்கேன்."

ஹம்தி நைல் நதியில் ஓடும் சாப்பாட்டுப் படகு ஒன்றில் வாசிக்கிறவன். அவனுக்கு மாலையில் வேலை, அவளுக்கு இரவில். பகல் முழுக்க அவள் தூங்க வேண்டும், அவன் பழக வேண்டும்; சமையலறையும் சாமான் அறையும் போக இருப்பது இரண்டே அறைகள். அவள் தூக்கம் கெடக் கூடாதே என்று இத்தனை வருஷமும் எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் செருகாமலே வெறும் கம்பியைத் தட்டிப் பழகினான். ஆம்ப் இல்லாத கம்பியில் சத்தம் வராது. வரவழைக்க வேண்டுமென்று ஓங்கி அடித்து அடித்து அவன் கையே முரடாகிவிட்டது. படகில் ஆம்பில் செருகினால் ஒவ்வொரு சுரமும் அறைகிற மாதிரி விழுந்தது. "வியாழக்கிழமை புதுப் பாட்டெல்லாம் கேட்பேன். அறையாம, மெத்துனு கை இறங்கியிருக்கணும். இல்லன்னா வேற ஆளு பார்த்துக்கறேன்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

அவன் பக்கம் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்; தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஆம்ப் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அவன் வாசித்த வாரத்தில் அவள் சரியாகக் கண்ணை மூடவில்லை. அந்த வாரக் கடைசியில் தீவிர சிகிச்சை வார்டில் ஒரு கிழவருக்கு வேறு யாருக்கோ உரிய மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தலைமை நர்ஸ் அதியாத் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "மேலே எழுதிப் போட மாட்டேன். ஆனா இன்னொரு தடவை நான் பக்கத்துல இருப்பேனான்னு தெரியாது. வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றாள். அந்தக் கிழவரின் முகம் ஷஹினாஸின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

"உள்ள ஒரு நாற்காலி போடுங்க" என்று நஸீமிடம் சொன்னாள். "கதவைச் சாத்திக்கறேன். ஒவ்வொண்ணா வாசிக்கட்டும். எதுக்கு நான் தூங்கறேனோ அதைக் கட்டிக் கொடுங்க."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கம்பி அறுந்த ஊத் வாத்தியங்களும் தோல் கிழிந்த தபலாக்களும் அடுக்கிய பின்னறையில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

முதல் பெட்டியில் வாசித்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து "கொசு" என்று குரல் வந்தது. அடுத்ததற்கு "தண்ணி மோட்டார்" என்றாள். மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை. ஹம்தி கதவைத் திறந்து பார்த்தபோது ஒரு தபலாவின் மேல் கன்னத்தை வைத்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கூடை அளவுதான் அந்தப் பெட்டி. பொத்தானைத் தட்டினால் ஓடும் தாளம்கூட அதற்குள்ளேயே இருந்தது. ஹெட்போனைச் செருகினால் பெட்டி ஊமையாகிவிடும், எல்லாம் வாசிக்கிறவன் காதுக்குள் மட்டும். பிடுங்கினால் வெளியே பேசும்.

"இத்தனை வருஷத்துல தூங்கிப் பார்த்து ஆம்ப் வாங்கின ஆள் நீங்கதான் மேடம்" என்றார் நஸீம்.

வீட்டுக்கு வந்தால் அதிலும் ஒரு வம்பு. பெட்டி ஊமைதான், கம்பி ஊமையில்லை. டிக் டிக் என்று பல்லைக் கடிக்கிற சத்தம். போதாக்குறைக்குக் குதிகாலால் தாளம் வேறு. ஷஹினாஸ் படுக்கையிலிருந்து எழுந்து வந்து அவன் காலுக்கடியில் ஒரு தலையணையைத் தூக்கிப் போட்டாள். அப்புறம் ஆளையே சமையலறைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் அறைக்குத் துரத்தினாள். தெருச் சத்தம் எட்டாத அறை. அதன் ஜன்னல், கட்டடத்தின் நடுவே கிணறு போல இறங்கும் வெளிச்சக்குழியைப் பார்த்துத் திறக்கும். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் அதே குழியில்தான். கதவுகளைச் சாத்திக்கொண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். இரவில் மருந்தின் பெயரைத் தெளிவாகப் படித்து ஊசியில் ஏற்றினாள்.

அந்த வாரம் கீழ் மாடியில் ஹாஜி ஸாபிர் இறந்துபோனார். கட்டடம் முழுக்க டிவிகள் வாயை மூடின. மேல் மாடிக்காரர்கள் மகளின் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப் போட்டார்கள். கீழ் வீட்டில் ஷேக் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்க, கறுப்பு உடுத்திய பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். துக்க வீடு இருக்கிற கட்டடத்தில் நாற்பது நாளைக்கு யாரும் பாட்டுப் போட மாட்டார்கள். ஹம்திக்குக் கவலையில்லை, ஹெட்போன் இருந்தது. அவன் வாசிப்பது யாருக்கும் தெரியாது. "செத்தவருக்கும் தொந்தரவில்ல, உயிரோட இருக்கறவளுக்கும் தொந்தரவில்ல" என்று ஷஹினாஸே தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலை முடிந்து வந்து சாவியைப் போட்டுத் திருகினாள். கதவு திறக்கவில்லை. துக்க வீட்டுக்குக் கண்டவர்களும் படியேறுகிறார்களே என்று ஹம்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான்.

மணியை ஒரு தடவை அழுத்தினாள். போன் செய்தாள், அது படுக்கையறையில் கிடந்து அடிப்பது கதவு வழியாக அவளுக்கே கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. கதவை உடைக்கிற மாதிரி இடிக்க வேண்டும் போலிருந்தது. கீழே குர்ஆன் ஓதும்போது எப்படி இடிப்பது? கதவிடுக்கில் வாயை வைத்து, "ஹம்தி. ஏய், செவிட்டு ஹம்தி. நாசமாப் போறவனே, திற" என்று மூச்சுக்காற்றாலேயே திட்டினாள். அவளே தேர்ந்தெடுத்த ஹெட்போன். அவளே துரத்திய அறை. அவளே சாத்தச் சொன்ன கதவுகள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கறுப்புத் துணிப் பெண்கள் இருவர் அவளைக் கண்டுவிட்டார்கள்.

"அடடா, எழுந்திரு மகளே. எல்லாரும் போக வேண்டிய இடம்தான்."

"இல்ல, நான் வந்து..."

"தெரியும், தெரியும். மனசுல வச்சுக்காத. அழுதுடு."

ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போய்விட்டார்கள். விதவை உம்மு வஜ்தி அவளைக் கட்டிக்கொண்டாள். "படியில உட்கார்ந்து அழுதியாமே. என் தங்கச்சிங்ககூட இப்படி அழலடி." என் புருஷன் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான் என்று அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? மகன் வஜ்தி சர்க்கரை போடாத துக்கக் காப்பியைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தான். "உங்க கை ஊசி வலிக்காதுன்னு அப்பா எப்பவும் சொல்வாருக்கா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஷஹினாஸ் கசப்பை விழுங்கினாள். மிச்சமிருந்த கொஞ்சம் தூக்கத்தையும் அந்தக் காப்பி விரட்டிவிட்டது.

மசூதியில் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகு மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள். ஹம்தி குப்பைப் பையோடு வாசலில் நின்றான்.

"இப்பதான் வர்றியா? இன்னைக்கு ரொம்ப நேரமாயிடுச்சே" என்றான்.

அவள் பையைப் பிடுங்கி வாசலோரம் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு அவன் பின்னாலேயே சாமான் அறைக்குப் போனாள். அவன் முகம் பூரித்துக் கிடந்தது. "கை இறங்கிடுச்சு ஷஹினாஸ். கல்யாண ஊர்வலப் பாட்டு, ஒரே ஒரு தடவை, விரலை மட்டும் பாரு" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளத்தைத் தட்டிவிட்டான்.

"காலையிலேர்ந்து வெளியில கிடக்கறேன்" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ராத்திரி வேலைக்குப் போகணும். இன்னும் படுக்கல. கேக்குதா உனக்கு?"

அவன் சிரித்தபடி காதைத் தொட்டுக் காட்டி, ஒரு நிமிஷம் என்று தலையை ஆட்டினான்.

ஷஹினாஸ் ஹெட்போன் கம்பியைக் கையில் சுற்றி ஒரே வெடுக்கில் பிடுங்கினாள்.

பெட்டி பேசிவிட்டது. கல்யாண ஊர்வலத் தாளம் முழுச் சத்தத்தில் அறையை நிறைத்து, புழுக்கத்துக்குத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியாக வெளிச்சக்குழியில் கொட்டியது. எந்தக் குமிழைத் திருகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹம்தி பாய்ந்து சுவரிலிருந்த பிளக்கை உருவினான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கீழே ஓதிக்கொண்டிருந்த ஷேக் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு மாடியிலும் சமையலறை ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படியில் காலடிகள் ஏறி வந்தன.

வாசலில் வஜ்தி நின்றான். அவனுக்குப் பின்னால், இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, அவன் அம்மா.

"யாரு?" என்றான்.

"மன்னிச்சிடு வஜ்தி. கை தவறிடுச்சு" என்றான் ஹம்தி.

"நான்தான்" என்றாள் ஷஹினாஸ். "அவர் சத்தமில்லாமத்தான் வாசிச்சிட்டிருந்தார். கோபத்துல நான்தான் ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினேன்."

"நீங்க பேசாதீங்கக்கா. எங்கப்பாவுக்காகப் படியில உட்கார்ந்து அழுதவங்க நீங்க. இந்தக் கட்டடமே பார்த்துச்சு. இந்த ஆளுக்காக உங்க வாயால பொய் சொல்லாதீங்க."

உங்க அப்பாவுக்காக அழல என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் போதும், பிடுங்கியது அவள்தான் என்று வஜ்தி நம்பிவிடுவான். உம்மு வஜ்தி தளர்ந்துபோய், அவளை மட்டும் நம்பி, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல் திரும்பி உள்ளே போயிற்று. தன் நாக்கின் மேல் ஷஹினாஸுக்கு வந்த கோபம் அன்று வேறு யார் மேலும் வரவில்லை.

"எங்கப்பா மண்ணு இன்னும் காயல" என்றான் வஜ்தி ஹம்தியைப் பார்த்து. "கல்யாணப் பாட்டா கேக்குது உனக்கு? நாற்பது நாள் முடியற வரைக்கும் கிட்டாரும் இந்தப் பெட்டியும் எங்க வீட்டுல இருக்கும். அப்புறம் வந்து வாங்கிக்க."

"வியாழக்கிழமை எனக்கு..." என்று தொடங்கிய ஹம்தி நிறுத்திக்கொண்டான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். எதற்காகப் பார்த்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள். அவனே கிட்டாரைத் துடைத்து உறையில் போட்டு, ஹெட்போன் கம்பியைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்துக் கொடுத்தான்.

கதவு சாத்திக்கொண்டது. கீழே ஷேக் விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினார். ஹம்தி சாமான் அறைக்குப் போய் வெறும் முக்காலியில் உட்கார்ந்தான்.

ஷஹினாஸ் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். இன்று தூங்கியே ஆக வேண்டும்; இரவில் ஊசி பிடிக்க வேண்டும். டிக் டிக் இல்லை, குதிகால் இல்லை. வீட்டில் பொட்டுச் சத்தம் இல்லை. கண்ணை மூடினால் கூரையே முகத்தின் மேல் இறங்கி வருகிற மாதிரி இருந்தது. புரண்டு படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"ஹம்தி" என்று கூப்பிட்டாள்.

கதவுகள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. அவன் காதில் இப்போது எதுவும் இல்லை. முக்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

"ஹம்தி, கேக்குதா?"

கேட்டிருக்கும். அவன் பதில் சொல்லவில்லை.